புகை வந்த பதினோரு வீடுகள்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் அருவி பார்க்கப் போவார்கள், தேன் வாங்கப் போவார்கள், இரவில் நட்சத்திரம் பார்க்கப் போவார்கள். நான் ஒரு மனிதரைப் பொய்யர் என்று நிரூபிக்கப் போனேன். பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரே நாளில் போய்த் திரும்புவதாகத் திட்டம். மூன்று நாள் ஆயிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குக்கிராமத்தின் பெயர் இந்தப் பதிவில் வராது. ஆராய்ச்சிக்காகப் போன இடம், அங்கிருப்பவர்களை அடையாளம் காட்டக் கூடாது. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், ஒரே ஒருவருடையதைத் தவிர. அது ஏன் என்பது கடைசியில் தெரியும்.

வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகிற குடும்பங்களின் உடல்நலத்தைப் பற்றியது எங்கள் ஆராய்ச்சி. அதிலும், போகிற இடத்திலும் விட்டுவந்த இடத்திலும் பெண்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒரு டாக்டர், ஒரு சமூகவியல் ஆசிரியர், ஒரு பொருளாதாரக்காரர், எண்களைச் சரிபார்க்கும் நான். பல துறை சேர்ந்த குழு என்று அறிக்கையில் அழகாக எழுதிக்கொள்வோம். நால்வரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் டீயா காப்பியா என்பதில்கூட ஒத்துப்போக மாட்டோம்.

அப்படிப்பட்ட எங்கள் மேஜைக்கு அந்த ஊரிலிருந்து பதினோரு படிவங்கள் வந்தன. பதினோரு வீடு, பதினோரு பெண்கள். வயது இருபத்திரண்டிலிருந்து அறுபது வரை. எல்லோருக்கும் ரத்தத்தில் பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி ஒன்றுக்கும் ஐந்து புள்ளி நான்குக்கும் நடுவில். எல்லோருக்கும் எடை முப்பத்தெட்டு கிலோ. எல்லோருக்கும் கால் வீக்கம், மூச்சிரைப்பு. டாக்டர் பதறிப்போனார், இது ஐந்து என்றால் உயிருக்கே ஆபத்து, உடனே போகலாம் என்றார். வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. ஆண்கள் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவதால்தான் என்றார் சமூகவியல். ஆள் போன வீட்டில் கையில் காசில்லை என்றார் பொருளாதாரம். பதினோரு பேருக்கு ஒரே ரத்தம் ஏன் என்பதற்கு மூன்று பேரிடமும் பதில் இருந்தது.

நான் சொன்னேன்: "மனுஷங்க உடம்பு இப்படி ஒத்துப்போகாது. டீக்கடையில உட்கார்ந்து எழுதினதுதான் இப்படி இருக்கும். நான் நேர்ல பார்க்காம யாரும் கிளம்ப வேண்டாம்." நான் போவதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது. அந்த ஐந்து நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப்போவதில்லை.

வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறு பத்துக்கு ஏறினேன். கண்ணமங்கலத்துக்கு ஐம்பது நிமிடம், இருபத்தெட்டு ரூபாய். அங்கே ஆரோக்கியராஜ் காத்திருந்தார். படிவம் நிரப்பிய களப்பணியாளர் அவர்தான், முப்பது வயது, அடிவாரத்து ஊர்க்காரர். வழக்கமாக மலைக்குப் போகும் பெண் களப்பணியாளர் பிரசவ விடுப்பில் இருந்ததால் இவரை அனுப்பியிருந்தோம். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"மாதா சத்தியமா பதினோரு வெரல்ல குத்தினேன் மேடம். நீங்களே வந்து பாருங்க" என்றார்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றேன். நல்ல காலை வணக்கம்.

சந்தவாசலுக்கு இன்னொரு பேருந்து, பதினைந்து ரூபாய். கடைத்தெருவில் இட்லி தின்றுவிட்டு ஏழுமலையின் ஜீப்பில் எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஒரு நாளைக்கு டீசலோடு மூவாயிரத்து இருநூறு. ஜீப் மீட்டரின்படி அந்த ஊர் எல்லை வரை நாற்பத்தாறு கிலோமீட்டர். முதல் முப்பது தார்ச்சாலை, கொண்டை ஊசி வளைவுகள். மீதி பெயருக்குத்தான் சாலை. ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும், மலையில் பிறந்து வளர்ந்தவர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஜீப்பை மெதுவாக்கினார்.

"அங்கயா? அங்க இப்ப யாரும் இல்லியே மேடம். காப்பி பறிக்கப் போய்ட்டாங்களே எல்லாரும்."

"ஆம்பளைங்க போயிருப்பாங்கண்ணா" என்றார் ஆரோக்கியராஜ் பின்சீட்டிலிருந்து. "பொம்பளைங்க இருந்தாங்க. போன வியாழக்கெழம நான் பேசினேனே."

ஏழுமலை கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "பொங்கல் முடிஞ்ச மூணாம் நாளு லாரி வந்துச்சி. ஆம்பள, பொம்பள, கைக்கொழந்த, நாய்க்குட்டி எல்லாத்தையும் ஏத்தி வுட்டது நானு. நீ இன்னா பேசினே, யார்கிட்ட பேசினே?"

ஆரோக்கியராஜ் பிடிபட்டுவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்புறம் பத்து இருபதுக்கு ஜீப் நின்றது. அதற்கு மேல் எழுநூறு மீட்டர் ஒற்றையடிப் பாதை. மேட்டில் ஏறிப் பார்த்தால், பனி இன்னும் முழுதாகக் கலையாத பள்ளத்தில், பதினோரு கூரைகள். நான் எண்ணினேன், அதுதானே என் தொழில். ஒன்றுவிடாமல் எல்லாக் கூரையிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.

"ஏசுவே" என்றார் ஆரோக்கியராஜ். என் பின்னால் வந்துகொண்டிருந்த ஏழுமலை அங்கேயே நின்றுவிட்டார்.

கீழே இறங்கும்போதுதான் குரல் கேட்டது. ஒரு பெண் யாரையோ கூப்பிடுகிறாள். "ருக்கு... இருக்கியா?" கொஞ்சம் இடைவெளி. வீட்டுக்குள்ளிருந்து இளம்பெண் குரல், "இருக்கேன்." பிறகு சற்றுத் தள்ளி, "பாப்பாத்தி... இருக்கியா?" உள்ளிருந்து இருமலோடு ஒரு கிழட்டுக் குரல், "இருக்கேன்." ஆரோக்கியராஜ் என் கையைப் பிடித்துவிட்டார். "கேட்டீங்களா மேடம்? இவங்கதான்! இதே கொரலுங்கதான்!"

முதல் வீட்டை அடைந்தோம். கதவில்லை, வாசலில் முள்கிளை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அடுப்பில் ஒரு விறகு எரிகிறது. பாய் சுருட்டி வைத்திருக்கிறது. ஆள் இல்லை. அடுத்த வீடும் அப்படியே. மூன்றாவதும். எரிகிற அடுப்பு, சுருட்டிய பாய், ஆள் இல்லை. இப்போதுதானே பேசினார்கள்! எனக்கு முதுகில் வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது வீட்டுக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தப்பு, உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம், வெளுத்துப்போன முகம், மணல் மூட்டை கட்டியதுபோல வீங்கிய பாதங்கள். கையில் ஒரு எரியும் கொள்ளிக்கட்டை. மூச்சு வாங்கி முடியும் வரை எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டு, தானே உள்ளே நுழைந்து, வேறொரு குரலில் "இருக்கேன்" என்று சொல்லி, அணையப் பார்த்த அடுப்பைத் தூண்டிவிட்டு, வெளியே வந்தார்.

ஊரில் இருந்தது அவர் ஒருவர்தான். பெயர் குப்பு.

அவர் பேசியதெல்லாம் கிசுகிசுப்பில், நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று. நான் சேர்த்து எழுதுகிறேன். ஊரே வேலைக்குப் போகும்போது ஒருவர் தங்கி, காலையும் மாலையும் எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டுவது அந்த ஊர் வழக்கம். புகை இல்லாவிட்டால் கூரையில் கரையான் ஏறும், விதைச் சாமையில் பூச்சி விழும். இது வரைக்கும் எனக்குப் புரிந்தது. கூப்பிட்டுப் பதில் சொல்வது எதற்கு என்று கேட்டேன்.

"ஆளில்லாத வூடுன்னு தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தவர் காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அடுப்பு எரியற வூட்ல ஆளில்லன்னு சொல்லக் கூடாதும்மா. பேர் சொல்லிக் கேட்டா, இருக்கேன்னு சொல்லணும். யார் கேட்டாலும்."

போன வியாழக்கிழமை ஆரோக்கியராஜ் ஒவ்வொரு வாசலாக நின்று, பட்டியலில் இருந்த பெயரைப் படித்து, "இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்திருக்கிறது. ஆண்பிள்ளை என்பதால் இவர் உள்ளே போகவில்லை. குப்புவும் முகம் காட்டவில்லை, புகைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டியிருக்கிறார். எடை பார்க்கும் கருவியைக்கூட இவர் உள்ளே தள்ளிவிட்டு, எண்ணையும் உடம்புக் கோளாறுகளையும் அங்கிருந்து சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறார். இவர் முன்வாசலில் எழுதி முடிப்பதற்குள் அவர் பின்பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார், அந்தக் கால்களோடு.

"எதுக்குக்கா ஒவ்வொரு தடவையும் குத்திக்கிட்டீங்க? ஒரே ஆளுதான்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நம்பி வுட்டுட்டுப் போய்க்கறாங்க. அவங்க வூட்டுக்கு வந்தத வேணான்னு சொல்ல நான் யாரு?"

கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனிகளில் இன்னும் ஆறாத கருத்த புள்ளிகள். நான் மறுபடி எண்ணினேன். பத்து விரல், பதினோரு குத்து. இடது கை மோதிர விரலில் மட்டும் இரண்டு.

ஆரோக்கியராஜ் பொய் சொல்லவில்லை. அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு படிவமும் உண்மை. பதினோரு முறை ஒரே பெண், நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று ரத்தத்தால் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதை டீக்கடை வேலை என்று தள்ளிவைத்திருக்கிறேன். அந்தப் பதினோரு படிவத்தில் எதிலும் அவர் பெயர் இல்லை. எங்கள் பட்டியல் வீட்டு எண்படி தயாரானது. குப்புவுக்கு வீடு கிடையாது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து குழந்தை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் குடிசை எப்போதோ விழுந்துவிட்டது. அவரவர் வீட்டில் மாற்றி மாற்றிப் படுத்துக்கொள்கிறார். வருஷா வருஷம் அவரே தங்கிவிடுவதும் அதனால்தான்.

மேட்டுப் பாறையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். டாக்டரைக் கூப்பிட்டேன். "இன்னைக்கே இறக்கணும். நாளைக்குன்னு சொல்லாத" என்றார். குப்பு வர மறுத்தார். சாயங்கால அடுப்பை யார் மூட்டுவது? அடுப்பு அணைந்தால் ஊருக்கு என்ன பதில் சொல்வது? உங்கள் உயிர் போய்விடும் என்று நான் சொன்னது அவருக்கு ஒரு பதிலாகவே படவில்லை. ஏழுமலைக்கு ருக்குவின் கணவர் எண் தெரிந்திருந்தது. காப்பித் தோட்டத்திலிருந்து ருக்கு கிளம்பி வர இரண்டு நாள் ஆகும்.

"ரெண்டு நாள் நான் மூட்டறேன்" என்றேன். என் வாயா சொன்னது என்று எனக்கே ஆச்சரியம். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவே லைட்டரை நாலு முறை தட்டுகிறவள் நான்.

குப்பு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூப்டணும். பதிலும் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன்."

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்க்கா."

எழுநூறு மீட்டரை நான்கு இடத்தில் உட்கார்ந்து கடந்தார். பன்னிரண்டே காலுக்கு ஆரோக்கியராஜோடு அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. சத்தம் தேய்ந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வீடுகள், எட்டுக் கோழிகள், நான்.

மாலை ஐந்து மணிக்குச் சுற்றை ஆரம்பித்தேன். முதல் வீட்டு வாசலில் நின்று கூப்பிட வெட்கமாக இருந்தது. யாரும் இல்லாத இடத்தில் வெட்கம் எதற்கு என்று தெரியவில்லை. "ருக்கு, இருக்கியா?" உள்ளே போய், "இருக்கேன்." மூன்றாவது வீட்டில் கூச்சம் போய்விட்டது. ஐந்தாவதில் என் குரல் தானாகவே கொஞ்சம் மாறியது, ஏனென்று கேட்காதீர்கள். ஒன்பதாவது அலமேலு வீடு. பாறைச் சரிவை ஒட்டியது. வாசலில் நின்று, "அலமேலு, இருக்கியா?" என்றேன். முள்கிளையை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருக்கேன்" என்று உள்ளிருந்து வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், திறக்கவில்லை. பாறையில் பட்ட எதிரொலி என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் எதிரொலி கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லும், பதில் சொல்லாது. பயந்துபோனேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஓடியிருப்பேன். ஆனால் அந்த அடுப்பு ஒன்று அணைந்திருந்தால் குப்புவுக்கு நான் கொடுத்த வாக்கு போச்சு. உள்ளே போனேன். சுருட்டிய பாய், கவிழ்த்த பானை, ஒரு அடைகோழி. "நானும் இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுப்பை மூட்டி, கதவு இல்லாத வாசலைப் பின்னோக்கி நடந்தே கடந்தேன்.

இரவைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ருக்கு வீட்டில் படுத்தேன். போர்வை போதவில்லை.

புதன்கிழமை காலைச் சுற்று முடித்துப் பாறைக்குப் போனபோது ஆரோக்கியராஜ் போனில் பேசினார். "ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டாங்க மேடம். ஆனா ஒரு தொல்ல. பேரு கேட்டா ருக்குன்றாங்க. அப்பால நர்ஸ் வந்து கேட்டா பாப்பாத்தின்றாங்க. சீட்டுல இன்னா எழுதறதுன்னு என்னைத் திட்றாங்க."

மொத்தம் நான்கு சுற்று மூட்டினேன். ஒன்பதாவது வீட்டில் மறுபடி யாரும் எனக்கு முந்திக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலைச் சுற்று முடித்து ருக்கு வீட்டுக்குள் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு குரல், "ருக்கு, இருக்கியா?" யோசிக்கவே இல்லை, "இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் பையோடு ஒரு இளம்பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். ஊர் திரும்புகிறவள் தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். "போதும் மேடம், நானே வந்துட்டேன். எழுந்துக்கங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், எல்லார் பெயரையும் குப்பு கூப்பிடுகிறாரே, குப்பு பெயரை யார் கூப்பிடுவார்கள்?

"அவளுக்கு ஏது மேடம் வூடு?" என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசி மாதங்களில் மேலே பல ஊர்கள் காலியாகத்தான் இருக்கும். ஆளில்லாத வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, படமெடுத்துப் 'பேய் கிராமம்' என்று போடுவது எல்லாம் வேண்டாம், அவர்கள் பிழைக்கப் போயிருக்கிறார்கள். கம்பளிப் போர்வை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சந்தவாசல் தாண்டினால் கையில் ரொக்கம் இருக்கட்டும், மேலே போனில் பணம் அனுப்ப முடியாது. பேருந்துகள் குறைவு, கடைசிப் பேருந்தை நம்பி இருக்காதீர்கள். மூன்று நாளுக்கும் சேர்த்து எனக்கு ஆனது எட்டாயிரத்துச் சொச்சம், அதில் பெரும்பகுதி ஜீப்புக்கு. கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: வீடுகளை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். பெண்களிடம் பேசப் பெண்ணை அனுப்புங்கள். எண்கள் நம்ப முடியாதபடி ஒத்துப்போனால், சந்தேகப்படுவதற்கு முன்னால் ஓடுங்கள்.

மலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் மாலை மருந்து கொடுக்கும் நேரம். நர்ஸ் சீட்டைப் பார்த்து "குப்பம்மாள்" என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, "இந்தம்மா கூப்ட்டா திரும்பறதே இல்ல" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். குப்பு சன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் கட்டிலுக்கு நான்கடி தள்ளி, வாசலில் நிற்பதுபோல நின்றேன். "குப்பு, இருக்கியா?"

மெதுவாகத் திரும்பினார். "இருக்கேன்" என்றார். முதல் நாள் அந்த ஊரில் நான் கேட்ட எந்தக் குரலும் அது இல்லை. கிசுகிசுப்பும் இல்லை. கணீரென்று, கொஞ்சம் கரடுமுரடான குரல். மிச்சமிருந்த மூச்சை எல்லாம் மற்றவர்களின் பதிலுக்கே செலவழித்துக்கொண்டிருந்தவர், ரத்தம் ஏறியதும் முதல் முறையாகத் தன் பதிலைச் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாவது படிவத்தைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். வீட்டு எண் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். நடந்ததை எழுதலாமா, எல்லார் பெயரையும் மாற்றிவிடுவேன் என்று கேட்டேன்.

"எழுதிக்க. அவங்க பேரெல்லாம் மாத்திக்க" என்றார். "எம்பேர மட்டும் மாத்தாத."